போட்டி ரோபோவில் தானியங்கி ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சுகள்: வயரிங் முதல் களம் வரை

பள்ளி மாணவர் அணிகள் ரோபோ கட்டி மோதும், எஃப்.ஆர்.சி. எனப்படும் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் தானியங்கிப் பகுதி 2003-ல் வந்தது. ஆட்டம் தொடங்கியதும் சில விநாடிகள், பெரும்பாலான பருவங்களில் 15 விநாடிகள், ரோபோ மனிதக் கை படாமல் தானே இயங்க வேண்டும். எங்கிருந்து புறப்படுகிறோம், கூட்டணியில் இருக்கும் மற்ற இரு ரோபோக்கள் எந்த வழியே போகின்றன என்பதைப் பொறுத்து ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு ஓட்டம், அதாவது ரோபோ தானே செய்யும் நகர்வுகளின் நிரல், தேவைப்படும். அதனால் அணிகள் நான்கைந்து ஓட்டங்களை எழுதி வைத்துக்கொண்டு, களத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன.

இதை மடிக்கணினித் திரையிலேயே செய்யலாம். ரோபோ நிரல் எழுத அணிகள் பயன்படுத்தும் டபிள்யூ.பி.ஐ.லிப் நூலகத்தில் அதற்கென்றே 'சென்டபிள் சூசர்' உண்டு. ஆனால் ரோபோவோடு வலைத்தொடர்பு கிடைத்த பிறகுதான் அது பயன்படும். ரோபோவைத் தரையில் வைப்பவர் ஒருவர், திரை முன் நிற்பவர் இன்னொருவர் என்பதால் பேச்சில் பிழை நேரவும் வாய்ப்பு அதிகம். ரோபோவின் மேலேயே ஒரு சுவிட்ச் இருந்தால், வைக்கிற கையே தேர்வையும் முடித்துவிடும்.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வயர் அறுந்தால் சுவிட்ச் தவறான எண்ணைக் காட்டக் கூடாது, 'பழுது' என்று சொல்ல வேண்டும். தவறான ஓட்டத்தில் கிளம்பும் ரோபோ கூட்டணித் தோழரை இடிக்கும், நடுக்கோட்டைத் தாண்டி அபராதமும் வாங்கித் தரும். அசையாமல் நிற்கும் ரோபோவால் சில புள்ளிகள்தான் போகும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாத் தேர்வுகளும் இந்த முடிவிலிருந்தே வருகின்றன.

ரோபோரியோவின் உள்ளீடு எப்படி நடந்துகொள்ளும்

ரோபோவை இயக்கும் மையக் கணினியான ரோபோரியோவில் 0 முதல் 9 வரை பத்து டிஜிட்டல் வாயில்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று ஊசிகள்: கிரௌண்ட், 5 வோல்ட், சிக்னல். உள்ளே ஒவ்வொரு சிக்னலும் 40 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. எதையும் செருகாத வாயிலைப் படித்தால் 'உண்மை' என்று வருவது இதனால்தான். சிக்னலைக் கிரௌண்டோடு சேர்த்தால் 'பொய்' ஆகும். ஆகவே வெளியே ரெசிஸ்டர் எதுவும் வேண்டாம், 5 வோல்ட் வயரும் வேண்டாம். சுவிட்ச் செய்ய வேண்டியதெல்லாம் சிக்னலைக் கிரௌண்டோடு சேர்ப்பதும் பிரிப்பதும்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 3.3 வோல்ட்டை 40 கிலோ ஓமால் வகுத்தால், மூடிய சுவிட்ச் வழியே ஓடுவது சுமார் 0.08 மில்லி ஆம்பியர் மட்டும். விளக்கும் மோட்டாரும் போடும் வெள்ளித் தொடுமுனை சுவிட்சுகளில் நாளடைவில் மெல்லிய படலம் படியும். பெரிய மின்னோட்டம் அதை எரித்துத் துடைத்துவிடும், இந்தச் சிறு மின்னோட்டத்தால் முடியாது. புதிதாக இருக்கும்போது நன்றாக வேலை செய்த சுவிட்ச் மூன்றாம் மாதத்தில் 'சில சமயம்' மட்டும் வேலை செய்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தங்க முலாம் பூசிய தொடுமுனை உள்ள, குறைந்த மின்னோட்டத்துக்கென்றே விற்கப்படும் சுவிட்சுகளை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

எந்தச் சுவிட்ச்

நெம்பை மேலும் கீழும் தள்ளும் டாகிள் சுவிட்சுகள் மூன்றை வரிசையாக வைத்தால் எட்டு நிலைகள் கிடைக்கும். ஆனால் பதற்றமான நேரத்தில் 'மேல்-கீழ்-மேல் என்றால் ஐந்து' என்று மனக்கணக்குப் போட வைப்பது நல்ல வடிவமைப்பு அல்ல. சர்க்யூட் போர்டில் பொருத்தும் குட்டி டிப் சுவிட்ச் மலிவு, தற்செயலாகத் தட்டுப்படாது, ஆனால் மாற்றப் பேனா முனை வேண்டும். சுழற்றி மாற்றும் ரெசிஸ்டரான பொட்டென்ஷியோமீட்டரில் நிலைகளுக்கு இடையே 'கிளிக்' இல்லை. அதிர்வில் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும்.

எங்கள் பரிந்துரை 16 நிலை கொண்ட குறியீட்டுச் சுழல் சுவிட்ச். குமிழைச் சுற்றிலும் 0 முதல் 9 வரையும் அதன் பிறகு ஏ முதல் எஃப் வரையும் எழுதியிருக்கும். பின்புறம் ஐந்து கால்கள்: பொதுக்கால் ஒன்று, மற்றவை 1, 2, 4, 8. எண் 3-ல் வைத்தால் 1-ம் 2-ம் பொதுக்காலோடு சேரும். 9-ல் வைத்தால் 1-ம் 8-ம் சேரும்.

நான்கு வாயில்களுக்கு 16 ஓட்டங்கள் கிடைக்கின்றன என்று எல்லா எண்ணையும் நிரப்பிவிடாதீர்கள். சரியாக இரண்டு கால்கள் மட்டும் சேரும் எண்களில் ஓட்டங்களை வையுங்கள். அவை ஆறு: 3, 5, 6, 9, ஏ (10), சி (12). காரணம் எளிது. 3-ல் இருக்கும்போது ஒரு வயர் அறுந்தால் 1 அல்லது 2 என்று படிக்கும். அங்கே ஓட்டம் எதுவும் இல்லை என்பதால் நிரல் 'பழுது' என்று சொல்லும். ஒரு வயர் உரசி கிரௌண்டைத் தொட்டால் மூன்று கால்கள் சேர்ந்ததாகப் படித்து 7 அல்லது 11 வரும், அதுவும் காலி இடம். ஒற்றை வயர் பழுது எதுவானாலும் ஒரு ஓட்டம் இன்னொரு ஓட்டமாக மாறவே முடியாது. ஆறு ஓட்டங்களுக்கு மேல் நம்பகமாக ஓட்டும் அணிகள் மிகக் குறைவு, ஆகையால் இதில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.

0 என்பது 'அசையாதே'. எஃப் (15), நான்கு கால்களும் சேரும் நிலை, 'திரையில் உள்ள தேர்வைக் கேள்' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கால் எண்ணிலிருந்து அங்கே போக ஒரே நேரத்தில் இரண்டு பழுதுகள் வேண்டும்.

இடப்புறமா வலப்புறமா என்று புறப்படும் இடத்தைச் சொல்ல ஒரு டாகிள் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு நடுவில் நிற்காத, இருநிலை, மூன்று கால் டாகிள் வேண்டும். நடுக்காலைக் கிரௌண்டுக்கும், இரு ஓரக் கால்களை இரண்டு தனி வாயில்களுக்கும் கொடுங்கள். சரியாக இருந்தால் எப்போதும் ஒன்று மட்டுமே மூடியிருக்கும். இரண்டும் திறந்திருந்தால் வயர் அறுந்தது, இரண்டும் மூடியிருந்தால் எங்கோ ஷார்ட். நடுவில் நிற்கும் டாகிளை 'இடம்-நடு-வலம்' என்று பயன்படுத்துவது வழக்கம்தான். ஆனால் அதில் அறுந்த வயரும் 'நடு' என்றே படிக்கும் என்பதால் நாங்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறோம். நடுவிலிருந்து புறப்படும் ஓட்டத்துக்குச் சுழல் சுவிட்சில் தனி எண் கொடுத்துவிடுங்கள், அந்த ஓட்டம் டாகிளைப் பார்க்க வேண்டியதில்லை.

சிவப்பா நீலமா என்பதற்குச் சுவிட்ச் வைக்காதீர்கள். கூட்டணி நிறத்தைக் களக் கட்டுப்பாட்டு அமைப்பே, ஓட்டுபவரின் மடிக்கணினியில் உள்ள டிரைவர் ஸ்டேஷன் நிரல் வழியாக ரோபோவுக்குச் சொல்லிவிடும். கையால் மாற்றினால் மறக்கத்தான் வாய்ப்பு.

ஆக மொத்தம் ஆறு வாயில்கள். மோட்டார் சுழற்சியை அளக்கும் என்கோடர்களின் தகவல் கேன் எனும் இரு வயர்த் தடம் வழியே வரும் இன்றைய ரோபோக்களில் டிஜிட்டல் வாயில்கள் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கின்றன.

தேவையான பொருட்கள்

- 16 நிலைக் குறியீட்டுச் சுழல் சுவிட்ச், குமிழோடு: 2 (ஒன்று உதிரி)
- மூன்று கால் இருநிலை டாகிள், தங்க முலாம்: 2 (ஒன்று உதிரி)
- சர்வோ மோட்டார்களில் வரும் மூன்று வயர் கேபிள், 2.54 மி.மீ. இடைவெளியுள்ள பெண் பிளக்கோடு: 6
- சுழல் சுவிட்சைப் பொருத்தச் சிறு டாட் போர்டு: 1
- 3 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் குழாய்: அரை மீட்டர்
- 3 மி.மீ. தடிமன் பாலிகார்பனேட் தகடு, 60-க்கு 100 மி.மீ.
- கேபிள் டை, குளூ கன்

சிக்னல் வயருக்கு விதிப்படி 28 கேஜ் வரை போகலாம். அவ்வளவு மெல்லியதை நாங்கள் விரும்புவதில்லை. 22 அல்லது 24 கேஜ், பல இழை வயரே அதிர்வைத் தாங்கும். ஒற்றைக் கம்பி வயர் சால்டர் பக்கத்திலேயே ஒடியும்.

உதிரிச் சுழல் சுவிட்ச் அதே மாடலாக இருக்கட்டும். நேர்க்குறியீடு, எதிர்க்குறியீடு என்று இரு வகை விற்கிறார்கள். எதிர்க்குறியீட்டில் மூடியவை திறந்தும், திறந்தவை மூடியும் இருக்கும். அதில் 3 என்று வைத்தால் 12 என்று படிக்கும். 12-ம் இரண்டு கால் எண் என்பதால் நம் பழுதுச் சோதனை அதைப் பிடிக்காது.

பொருத்துதல்

இடம்தான் பாதி வேலை. பம்பருக்கு மேலே, ரோபோவைத் தரையில் வைக்கும் ஆள் குனியாமல் பார்க்கும்படி, ஆனால் பந்தோ வளையமோ உள்ளே வரும் பாதையிலிருந்து விலகி இருக்க வேண்டும். கை, லிஃப்ட் போன்ற நகரும் பாகத்தில் பொருத்தவே கூடாது. ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் வயர் மடங்கும்.

தகட்டில் துளைகளை ரோபோவுக்கு வெளியே வைத்துப் போடுங்கள். உலோகத் தூள் ரோபோரியோவுக்குள் விழுந்தால் ஷார்ட் ஆகும், மின்சாதனங்கள் இப்படிப் பழுதாவது போட்டிகளில் சகஜம். சிறு டாகிளின் கழுத்து கால் அங்குலம், அதற்கு 6.5 மி.மீ. துளை போதும். சுழல் சுவிட்சின் கழுத்து மாடலுக்கு மாடல் வேறுபடும், அளந்து போடுங்கள். கழுத்தில் வரும் பல் வாஷரைத் தூக்கி எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் குமிழைத் திருப்பும்போது சுவிட்ச் முழுவதும் சுற்றி, பின்னால் வயர் முறுக்கி அறுந்துவிடும்.

டாகிளின் இருபுறமும் அதன் நெம்பைவிட உயரமான காவல் சுவர் வையுங்கள். இழுத்தால் மட்டுமே நகரும் பூட்டு டாகிள் கிடைத்தால் அந்தச் சுவர் தேவையில்லை. லேபிளில் எண்ணை மட்டும் எழுதாமல் ஓட்டத்தின் பெயரையும் எழுதுங்கள்.

வயரிங்

1. ஆறு கேபிள்களிலும் சிவப்பு வயரைப் பிளக்கிலிருந்தே உருவி எடுத்துவிடுங்கள். வெட்டி விட்டால் நுனி எதையாவது தொடும். 5 வோல்ட் கிரௌண்டைத் தொட்டால் ரோபோரியோவின் பவர் விளக்கு சிவப்பாக மாறும், மற்ற சென்சார்களுக்கும் மின்சாரம் போகாது.

2. கறுப்பு வயரை 0-வது, 5-வது கேபிள்களில் மட்டும் விட்டுவைத்து, மற்ற நான்கிலும் எடுத்துவிடுங்கள்.

3. சுழல் சுவிட்சை டாட் போர்டில் சால்டர் செய்யுங்கள். 350 டிகிரி முனையில் ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம், பிளாஸ்டிக் இளகி உள்முனை நகர்ந்துவிடும். பிறகு வெள்ளை வயர்கள்: வாயில் 0-க்கு 1 எனும் கால், வாயில் 1-க்கு 2, வாயில் 2-க்கு 4, வாயில் 3-க்கு 8.

4. டாகிளின் இடது ஓரக்காலை வாயில் 4-க்கும், வலது ஓரக்காலை வாயில் 5-க்கும் கொடுங்கள். பெரும்பாலான டாகிள்களில் நெம்பு சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கால்தான் நடுக்காலோடு சேரும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

5. 0-வது கேபிளின் கறுப்பு, சுழல் சுவிட்சின் பொதுக்காலுக்கு. அங்கிருந்து ஒரு வயர் டாகிளின் நடுக்காலுக்கு. அங்கிருந்து 5-வது கேபிளின் கறுப்பு திரும்ப ரோபோரியோவுக்கு. கிரௌண்ட் இப்படி வளையமாகப் போனால், எந்த ஒரு கிரௌண்ட் வயர் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக வேலை நடக்கும்.

6. ஒவ்வொரு சால்டருக்கும் ஹீட் ஷ்ரிங்க் போட்டு, சுவிட்சிலிருந்து 20 மி.மீ. தள்ளிக் கேபிள் கட்டைத் தகட்டோடு டை போட்டுக் கட்டுங்கள். இழுவை டையில் விழ வேண்டும், சால்டரில் அல்ல.

7. ஆறு பிளக்குகளையும் வரிசை மாறாமல் ஒட்டி, டேப் சுற்றி ஒரே கட்டியாக்கிச் செருகுங்கள். பெட்டியில் அச்சிட்டுள்ள குறிகளைப் பார்த்து வெள்ளை சிக்னல் ஊசியில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கடைசியாகப் பிளக்கும் பெட்டியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு குளூ. கழற்ற வேண்டியபோது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டால் அது உரிந்து வரும்.

பிளக்கைத் தலைகீழாகச் செருகினால் எதுவும் எரியாது, ஆனால் அறிகுறி குழப்பும். கறுப்பு இல்லாத பிளக் திரும்பியிருந்தால் அந்த வாயில் எப்போதும் 'திறந்தது' என்று படிக்கும். கறுப்பு உள்ள 0-வது பிளக் திரும்பியிருந்தால், வளையத்தின் மறுமுனை வழியாகக் கிரௌண்ட் வந்து 'மூடியது' என்றே படிக்கும்.

நிரலில் செய்ய வேண்டியவை

ரோபோ தொடங்கும்போது ஆறு 'டிஜிட்டல் இன்புட்' பொருள்களை உருவாக்குங்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான். ஓட்டம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாக்கினால், அந்த வாயில் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்ற பிழை வந்து நிரல் நின்றுவிடும்.

மூடிய வாயில் 'பொய்' தருவதால் முதலில் தலைகீழாக்குங்கள். பிறகு வாயில் 0 மூடியிருந்தால் 1, வாயில் 1-க்கு 2, வாயில் 2-க்கு 4, வாயில் 3-க்கு 8 என்று கூட்டுங்கள். கிடைத்த எண் ஓட்டப் பட்டியலில் இல்லாவிட்டால் 'பழுது'. 'அருகிலுள்ள எண்ணை எடுத்துக்கொள்' என்று உதவி செய்யும் நிரல் எழுதாதீர்கள், அத்தனை உழைப்பையும் அது வீணாக்கும்.

இந்தக் கணக்கை ரோபோ முடங்கியிருக்கும் நிலையில் ஓடும் சுழற்சியில் வையுங்கள். அது 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை ஓடும். குமிழைத் திருப்பும்போது இடைப்பட்ட எண்கள் மின்னி மறையும் என்பதால், ஒரே எண் 25 சுற்றுகள், அதாவது அரை விநாடி, மாறாமல் நின்ற பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டவுடன் அந்த ஓட்டத்தின் பாதைக் கோப்புகளை அப்போதே படித்துத் தயார் செய்து, ஓட்டத்தின் பெயரையும் இடம்/வலம் என்பதையும் திரைக்கு அனுப்புங்கள். தானியங்கிப் பகுதி தொடங்கிய பிறகு கோப்பைப் படித்தால் 15 விநாடியில் ஒரு பங்கு அதிலேயே போகும்.

கூட்டணி நிறத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துவிடாதீர்கள். ரோபோ விழித்தெழும்போது களத்தோடு தொடர்பு கிடைத்திருக்காது, விடை காலியாக வரும். முடங்கிய நிலையில் தொடர்ந்து கேட்டு, நிறம் மாறினால் பாதையை மறுபடி உருவாக்குங்கள்.

தானியங்கிப் பகுதி தொடங்கும் கணத்தில் ஆறு வாயில்களின் நிலையையும் பதிவேட்டில் எழுதுங்கள். ஆட்டம் தப்பிப்போனால், சுவிட்ச் தவறா ஓட்டம் தவறா என்ற வாதம் அந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

களத்தில் ஒட்டியிருக்கும் ஏப்ரல்டேக் எனும் கட்டக் குறிகளைக் கேமராவால் பார்த்து இருப்பிடம் கண்டறியும் ரோபோ என்றால் இன்னொரு காவலும் கிடைக்கிறது. தேர்ந்தெடுத்த ஓட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதையும், கேமரா சொல்லும் இடத்தையும் ஒப்பிடுங்கள். அரை மீட்டருக்கு மேல் விலகினால் திரையில் சிவப்பு எச்சரிக்கை வரட்டும்.

சோதனை

குமிழை 0-லிருந்து எஃப் வரை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்புங்கள். திரையில் 0 முதல் 15 வரை வரிசையாக வர வேண்டும். இந்தப் பதினாறு நிலைச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது. நம் இரண்டு கால் முறை வயர் அறுந்ததைப் பிடிக்கும், ஆனால் இடம் மாறிய வயரைப் பிடிக்காது. வாயில் 0, வாயில் 2 இரண்டின் வயர்களும் மாறியிருந்தால் 3 என்பது 6 என்று தெரியும், இரண்டும் சரியான ஓட்ட எண்கள். பிளக்கைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் 16 நிலைகளையும் பாருங்கள்.

அடுத்தது, வேண்டுமென்றே கெடுக்கும் சோதனை. குளூ போடும் முன் இதைச் செய்யுங்கள். 3-ல் வைத்து 0-வது பிளக்கை உருவுங்கள். 'பழுது' வர வேண்டும். செருகிவிட்டு, 2-வது வாயிலின் சிக்னலை ஒரு வயரால் கிரௌண்டோடு தொடுங்கள். மறுபடி 'பழுது'. டாகிளின் 4, 5 இரண்டையும் உருவினாலும் அதே விடை வர வேண்டும். கடைசியாக, திரையைப் பார்த்துக்கொண்டே தகட்டையும் கேபிளையும் கையால் தட்டி ஆட்டுங்கள். எண் ஒரு கணம் மின்னினால் சால்டர் சரியில்லை.

டிஜிட்டல் வாயில் போதாதபோது

12 நிலைச் சாதாரணச் சுழல் சுவிட்சும் 11 ரெசிஸ்டர்களும் இருந்தால் ஒரே அனலாக் வாயிலில் வேலை முடியும். 1 கிலோ ஓம், 1 சதவீத ரெசிஸ்டர்களைச் சுவிட்சின் அடுத்தடுத்த கால்களுக்கு இடையே சங்கிலியாகச் சால்டர் செய்து, ஒரு முனையைக் கிரௌண்டுக்கும் மறுமுனையை 5 வோல்ட்டுக்கும், சுவிட்சின் நடுக்காலைச் சிக்னலுக்கும் கொடுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் 0.45 வோல்ட் உயரும். படித்த வோல்ட்டை அப்போதைய 5 வோல்ட் மதிப்பால் வகுத்து, 11-ஆல் பெருக்கி, அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டு வந்தால் நிலை எண் கிடைக்கும்.

இதிலும் பழுதைப் பிடிக்கலாம். ரோபோரியோ பக்கத்தில், சிக்னலுக்கும் கிரௌண்டுக்கும் இடையே 100 கிலோ ஓம் ஒன்றைப் போடுங்கள். சிக்னல் வயரோ 5 வோல்ட் வயரோ அறுந்தால் 0 என்று படிக்கும். கிரௌண்ட் வயர் அறுந்தால் எந்த நிலையிலும் 4.5 வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டும், அதாவது 10 அல்லது 11. ஆகவே 0, 10, 11 மூன்றையும் காலியாக விட்டு, 1 முதல் 9 வரை ஓட்டங்களை வையுங்கள். அந்த 100 கிலோ ஓமால் நடு நிலைகளில் 0.07 வோல்ட் குறையும். அரைக் கிளிக்கான 0.23 வோல்ட்டைவிட அது மிகக் குறைவு என்பதால் எண் மாறாது.

களத்தில்

ரோபோவை வைப்பவர் குமிழைத் திருப்பி, ஓட்டத்தின் பெயரை உரக்கச் சொல்லட்டும். டிரைவர் ஸ்டேஷனில் இருப்பவர் தன் திரையில் தெரிவதைப் படித்துத் திருப்பிச் சொல்லட்டும். எண்ணைச் சொல்லாதீர்கள், இரைச்சலில் எண்கள் ஒன்றுபோலக் கேட்கும். திரையில் 'பழுது' வந்தால் குமிழை ஒருமுறை முழுச் சுற்றுச் சுற்றித் திரும்ப வையுங்கள், தொடுமுனையில் படலம் இருந்தால் அதில் விலகும். அப்போதும் சரியாகவில்லை என்றால் எஃப்-க்குத் திருப்பித் திரையில் தேர்ந்தெடுங்கள். அதுவும் ஏற்காவிட்டால் 0-ல் வைத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே வந்து, நம் ரோபோ இந்த முறை அசையாது என்று கூட்டணித் தோழர்களிடம் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் தங்கள் பாதையை மாற்றிக்கொள்ள அப்போது இன்னும் நேரம் இருக்கும்.